பள்ளி இறுதி நாளின் வகுப்புத் தோழர்கள்: நினைவில் நிற்பவர்களும் விடுபடுபவர்களும்

முன்னுரை

பள்ளிப் படிப்பு முடியும் நாளில் ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பேர் இருப்பார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அவர்களில் எத்தனை பேரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம்? அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்லும் அளவுக்கு எத்தனை பேரைத் தெரியும்? தமிழ்த் திரைப்படங்களும் கதைகளும் இந்த நினைவைப் பலமுறை கையாண்டுள்ளன. அவற்றைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் மிகப் பலர். அந்தக் கண்ணீர் பொய்யானதன்று. ஆனால் அது யாருக்காகச் சிந்தப்படுகிறது, யாரை மறந்துவிட்டுச் சிந்தப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இக்கட்டுரை ஒரு நாவலையும் நான்கு திரைப்படங்களையும் எடுத்துக்கொள்கிறது. ஆர். கே. நாராயணின் ‘சுவாமியும் சினேகிதர்களும்’ (ஆங்கில மூலம் 1935), ‘அழகி’ (2002), ‘ஆட்டோகிராஃப்’ (2004), ‘பள்ளிக்கூடம்’ (2007), ‘96’ (2018) ஆகியவை அவை. வகுப்புத் தோழர்களின் குணங்களை இவை எப்படி நினைவுகூர்கின்றன என்பதை ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கலாம்: தேறாதவர்களும் பாதியில் நின்றவர்களும் இந்த நினைவில் இடம் பெறுகிறார்களா?

பள்ளி தன் கைப்பட எழுதிவைக்கும் பதிவுகள்

படைப்புகளுக்குப் போகும் முன், ஒரு மாணவர் பள்ளியை விட்டுப் போகும்போது அவரைப் பற்றி எஞ்சும் பதிவுகள் எவை என்று பார்ப்பது உதவும்.

முதலாவது மாற்றுச் சான்றிதழ். அதில் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளங்கள், கடைசியாகப் படித்த வகுப்பு, மேல்வகுப்புக்கு உயர்வு பெறத் தகுதி பெற்றவரா என்பன வரிசையாக இருக்கும். ‘ஒழுக்கமும் பண்பும்’ என்று ஓர் இடமும் உண்டு. அந்த இடத்தில் ஏறத்தாழ எல்லா மாணவருக்கும் ‘நன்று’ என்ற ஒரே சொல்தான் எழுதப்படும். கலகலவென்று பேசுகிறவருக்கும் அதே சொல், வாயே திறக்காதவருக்கும் அதே சொல். ஒரு மாணவரின் எதிர்காலத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம் இதற்குக் காரணம். அது சரியான காரணமும்கூட. ஆனால் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளி வாழ்க்கையில் ஒரு பிள்ளையின் குணத்தைப் பற்றி அரசுப் பதிவில் எஞ்சுவது அந்த ஒரு சொல் மட்டுமே. முழங்காலில் உள்ள தழும்பைப் பற்றி அச்சான்றிதழ் சொல்லும் செய்தி, அந்தப் பிள்ளையின் மனதைப் பற்றிச் சொல்வதைவிடத் துல்லியமானது.

இரண்டாவது வகுப்புக் குழுப்படம். முன்வரிசையில் நாற்காலிகளில் ஆசிரியர்கள், தலைமையாசிரியர் நடுவில், பின்னால் பெஞ்சுகளின் மேல் உயர வரிசைப்படி மாணவர்கள். அன்றைக்கு வராதவர் படத்தில் இல்லை. வந்தும் பணம் கட்ட முடியாதவர் படத்தில் இருப்பார், படம் அவர் வீட்டில் இருக்காது. பல வீடுகளில் சுவரில் மாட்டப்பட்ட குழுப்படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னால் முதல் பத்துப் பெயர் விரைவாக வரும். அதன்பின் “இவன் யாரு, பேரு வாயில நிக்குது” என்ற நிலைதான்.

மூன்றாவது ஆட்டோகிராஃப் நோட்டு. பிடித்த நிறம், பிடித்த நடிகர், இலட்சியம், முகவரி என்று கட்டம் போட்டு எழுதி வாங்குவது வழக்கமாக இருந்தது. நட்பைக் கடலோடும் ரோஜாவோடும் ஒப்பிட்டு எழுதுவதும், மறந்துவிடாதே என்று முடிப்பதும் மரபு. இவற்றில் பெரும்பகுதி யார் எழுதினாலும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் எப்போதாவது ஒரு வரி வேறு யாருக்கும் பொருந்தாததாக அமைந்துவிடும். யாரோ ஒருவர், நீ கணக்கு நோட்டைக் கொடுத்து உதவியிராவிட்டால் நான் அரையாண்டில் தேறியிருக்க மாட்டேன் என்று எழுதியிருப்பார். எழுதியவர், எழுதப்பட்டவர் இருவருடைய குணமும் அந்த ஒரு வரியில் தெரியும்.

இதிலிருந்து ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். ஒருவரைப் பற்றி எழுதிய வாக்கியம் மற்றொருவருக்குப் பொருந்தாமல் இருந்தால்தான் அது நினைவு. எல்லாருக்கும் பொருந்தினால் அது சான்றிதழில் உள்ள ‘நன்று’ போன்றதுதான். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு படைப்புகளைப் பார்ப்போம்.

‘சுவாமியும் சினேகிதர்களும்’: தேறாதவனை விலக்கும் சட்டம்

1906இல் சென்னையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆர். கே. நாராயண், ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல் இது. மால்குடி என்ற கற்பனை ஊர் இதில்தான் முதன்முதலாக வருகிறது. இது பள்ளி இறுதி வகுப்பைப் பற்றிய நாவல் அன்று. இதில் வருபவர்கள் சிறுவர்கள். ஆனாலும் வகுப்புத் தோழர்களின் குணத்தை வேறுபடுத்திக் காட்டுவதில் பின்னால் வந்த பல படைப்புகளுக்கு இதுவே பாடநூல்.

சுவாமிநாதனுக்குத் தொடக்கத்தில் நான்கு நண்பர்கள். சோமு வகுப்புத் தலைவன். ஆசிரியர்களிடமும் எளிதாகப் பழகுகிறவன். மணி கடைசிப் பெஞ்சுக்காரன், வீட்டுப்பாடம் செய்யாதவன், உடல் வலிமையால் வகுப்பையே ஆளுகிறவன். சங்கர் எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்தவன். பட்டாணி என்று அழைக்கப்படும் சாமுவேல் உருவத்தில் சிறியவன். படிப்பிலும் பலத்திலும் தனித்து நிற்காதவன். சுவாமிக்கும் அவனுக்கும் உள்ள பிணைப்பு ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரிப்பது மட்டுமே. பிறகு போலீஸ் அதிகாரியின் மகன் ராஜம் வந்து சேர்கிறான். நாராயண் ஒவ்வொருவருக்கும் சில வரிகளே ஒதுக்குகிறார். ஆனால் ஒருவனுக்கு எழுதியதை மற்றவனுக்கு மாற்றிப் போட முடியாது. குறிப்பாகச் சாமுவேல் கவனிக்கத்தக்கவன். எந்தத் தனிச் சிறப்பும் இல்லாத மாணவனையும் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்க முடியும் என்பதை அவன் காட்டுகிறான்.

ஆண்டுத் தேர்வு முடிந்தபின் இக்குழு குலைகிறது. சங்கரின் தந்தைக்குப் பணிமாற்றம் வருகிறது. சோமு தேர்ச்சி பெறவில்லை. அதனால் அவன் நண்பர் குழுவிலிருந்து தானாகவே விலக்கப்படுகிறான். அதை மாற்ற முடியாத சட்டம் போல, வருத்தம் எதையும் காட்டாமல் நாராயண் சொல்லிச் செல்கிறார். நகைச்சுவையான தொனியில் வருவதால் பலர் இதைப் படித்துக் கடந்துவிடுவர். வகுப்பறையை அறிந்தவர்களுக்கு இது உண்மை என்று தெரியும். ஒரு மாணவன் தேறாமல் போனால் அவனுடன் யாரும் சண்டை போடுவதில்லை, யாரும் அவனை வெறுப்பதில்லை. ஜூன் மாதம் மற்றவர்கள் அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள், அவ்வளவுதான். நேற்றுவரை வகுப்புத் தலைவனாக இருந்தவனுக்கு நாவலின் பிற்பகுதியில் வேலையே இல்லை.

இறுதியில் ராஜம் ஊரை விட்டுப் போகிறான். சுவாமி ரயில் நிலையத்துக்கு ஒரு கதைப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். கோபத்தில் இருக்கும் ராஜம் பேசினானா, கடிதம் எழுதுவானா என்பது உறுதியாகத் தெரியாமலே நாவல் முடிகிறது. பிரிவு நாளில் எல்லாரும் கட்டித் தழுவிக்கொள்வதாகக் காட்டுவது எளிது. மனத்தாங்கல் தீராமலே பலர் பிரிகிறார்கள் என்பதைக் காட்டத் துணிவு வேண்டும்.

‘அழகி’: ஒரே வகுப்பில் இருந்த இருவர்

தங்கர் பச்சான் தன்னுடைய ‘கல்வெட்டு’ சிறுகதையை அடிப்படையாகக் கொண்டு இயக்கிய படம் ‘அழகி’. இளையராஜாவின் இசையில் இதன் பாடல்கள் பெரிதும் பேசப்பட்டன. ‘பாட்டுச் சொல்லி’ பாடலுக்காகச் சாதனா சர்கம் தேசிய விருது பெற்றார். கிராமத்துப் பள்ளியில் சேர்ந்து படித்த சண்முகமும் தனலட்சுமியும் பிரிகிறார்கள். சண்முகம் படித்து மருத்துவராகிச் சென்னையில் மனைவி, குழந்தைகளுடன் வாழ்கிறான். தனலட்சுமியின் படிப்பு நின்றுபோகிறது. திருமணமாகி, கணவனை இழந்து, மகனுடன் சென்னைத் தெருவில் வாழும் நிலைக்கு வருகிறாள். சண்முகம் அவளைக் கண்டு தன் வீட்டுக்கு அழைத்து வருகிறான். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைக்கும் இடம் வீட்டு வேலைக்காரியின் இடம்.

இப்படத்தை நிறைவேறாத காதலின் கதையாகவே பெரும்பாலோர் பார்த்தனர். படமும் அப்படிப் பார்க்கவே தூண்டுகிறது. ஆனால் இதற்குள் வேறொரு கதையும் இருக்கிறது. ஒரே கரும்பலகையைப் பார்த்து ஒரே பாடத்தை எழுதிய இருவரில் ஒருவர் வீட்டுக்காரராகவும் மற்றவர் அந்த வீட்டில் பாத்திரம் கழுவுபவராகவும் நிற்கிறார்கள். பள்ளி தரும் சமத்துவம் மாலை மணி அடிக்கும்வரைதான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய தமிழ்ப் படம் அரிது.

குறையும் உண்டு. தலைப்பே சொல்வதுபோல, தனலட்சுமி பெரும்பாலும் அழகாகவும் துயரமாகவுமே சண்முகத்தின் நினைவில் இருக்கிறாள். அவள் என்னவாக ஆசைப்பட்டாள், எதைக் கண்டு பயந்தாள், எதற்குக் கோபப்பட்டாள் என்பவை பின்னுக்குப் போய்விடுகின்றன. நினைவுகூர்பவர் ஆண், நினைக்கப்படுபவர் பெண் என்று அமையும் கதைகளில் இந்தச் சாய்வு அடிக்கடி வருகிறது. என்றாலும், படிப்பைத் தொடர முடியாத ஒரு தோழியைத் தேடிப் போய் நடுவில் நிறுத்தியது ‘அழகி’யின் பெருமை.

‘ஆட்டோகிராஃப்’: தன்னைத் தேடிய பயணம்

சேரன் எழுதி, இயக்கி, தயாரித்து, நடித்த இப்படம் நினைவுப் படங்களில் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று. செந்தில் என்பவன் தன் திருமண அழைப்பிதழைக் கொடுக்கப் பழைய இடங்களுக்குப் பயணம் போகிறான். வாழ்க்கையின் வெவ்வேறு பருவங்களுக்கு வெவ்வேறு ஒளிப்பதிவாளர்களைப் பயன்படுத்தியது நல்ல முயற்சி. ‘ஒவ்வொரு பூக்களுமே’ பாடல், எழுதிய பா. விஜய்க்கும் பாடிய சித்ராவுக்கும் தேசிய விருதுகளைப் பெற்றுத் தந்தது.

கிராமப் பள்ளிப் பகுதி படத்தின் உயிரோட்டமான பகுதி. ஆனால் படம் முன்னேற முன்னேற ஒன்று தெளிவாகிறது. செந்தில் சந்திக்கும் ஒவ்வொருவரும் செந்திலின் வாழ்க்கையில் ஒரு கட்டம். அவர்களைக் கொண்டு அவன் தன்னையே படித்துக்கொள்கிறான். ஆட்டோகிராஃப் நோட்டிலும் இப்படித்தான் நடக்கிறது: பிறர் எழுதுகிறார்கள், ஆனால் நோட்டு நம்முடையது, எழுதப்படுவது நம்மைப் பற்றி. அவ்வகையில் படத்துக்குத் தலைப்பு மிகப் பொருத்தம்.

செந்திலின் பள்ளிக்காலக் காதலியான கமலா, மூன்று பிள்ளைகளின் தாயாகக் கணவனுடன் திருமணத்துக்கு வருகிறாள். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பழைய நினைவு அவளைத் தின்றுவிடவில்லை. அவளுக்கென ஒரு வாழ்க்கை அமைந்திருக்கிறது; அதில் செந்தில் ஒரு சிறு பகுதி மட்டுமே. நம் நினைவில் மையமாக இருப்பவரின் வாழ்க்கையில் நாம் மையமாக இல்லாமல் இருக்கலாம் என்ற செய்தியை அது சொல்லாமல் சொல்கிறது.

‘பள்ளிக்கூடம்’: பின்தங்கியவன் வகுப்பைக் கூட்டுகிறான்

தங்கர் பச்சானின் ‘பள்ளிக்கூடம்’ மற்றவற்றைவிடக் குறைவாகப் பேசப்பட்ட படம். நம் கேள்விக்கு மிக நேரடியாக விடை சொல்வது இதுதான். சிதிலமடைந்த ஒரு கிராமப் பள்ளி மூடப்படும் நிலைக்கு வருகிறது. அதைக் காப்பாற்ற முன்னாள் மாணவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். வெற்றி மாவட்ட ஆட்சியராக இருக்கிறான். முத்து திரைப்பட இயக்குநராக இருக்கிறான். கோகிலா அதே பள்ளியில் ஆசிரியை. இவர்களைத் தேடிப் போகும் பொறுப்பு ஊரிலேயே தங்கிவிட்ட குமாரசாமிக்கு வருகிறது. அந்த வேடத்தில் தங்கர் பச்சானே நடித்திருக்கிறார்.

இந்த அமைப்பைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வழக்கமாகப் பழைய மாணவர்களின் சந்திப்பைத் தொடங்குபவர் வெற்றி பெற்றவராக இருப்பார். அவரிடம் தொலைபேசி எண்கள் இருக்கும், செலவழிக்கப் பணம் இருக்கும், காட்டிக்கொள்ள ஒரு பதவி இருக்கும். இப்படத்தில் எதுவுமே இல்லாத ஒருவன் அந்த வேலையைச் செய்கிறான். யார் எங்கே அமர்ந்தார்கள், யார் எப்படிப்பட்டவர்கள் என்பது அவனுக்கு நினைவிருக்கிறது. காரணம் எளிது. மற்றவர்கள் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள். அவன் அதன் எதிரிலேயே இருக்கிறான். மேலே போனவர்களுக்குப் பள்ளி ஒரு படிக்கட்டு. போக முடியாதவனுக்கு அதுவே வாழ்க்கையின் மிக நல்ல காலம். ஆகவே வகுப்பின் முழு நினைவும் பெரும்பாலும் அவனிடமே பத்திரமாக இருக்கிறது.

இதை ஆசிரியப் பணியில் இருந்தவர்கள் பலர் கண்டிருப்பார்கள். பள்ளி வாசலில் தேநீர்க் கடை வைத்திருப்பவர், பேருந்து நடத்துநர், மின்வாரியத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவர் ஆகியோர்தான் ஆசிரியரைக் கண்டதும் வண்டியை நிறுத்துவர். பத்தாம் வகுப்பில் தவறிய ஒரு மாணவர், தன்னோடு படித்த நாற்பது பேரும் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று வரிசையாக எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்த நாற்பது பேரில் அவரை நினைவு வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.

படத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். வெற்றிக்கும் கோகிலாவுக்கும் உள்ள பழைய காதலுக்குப் படம் நிறைய நேரம் கொடுக்கிறது. சில இடங்களில் பாத்திரங்கள் பேசாமல் மேடைப் பேச்சு பேசுகின்றன. குமாரசாமியின் உள்ளே இருக்கக்கூடிய கசப்புக்குப் படம் போதிய இடம் தரவில்லை. அவன் அளவுக்கு மீறி நல்லவனாக இருக்கிறான். ஆட்சியராக வந்த பழைய தோழனிடம் உதவி கேட்டு நிற்பது ஒருவனுக்கு எளிதாக இருக்காது. அந்தக் கூச்சத்தை இன்னும் காட்டியிருந்தால் படம் மேலும் உயர்ந்திருக்கும்.

‘96’: காலியாக இருந்த ஓர் இடம்

சி. பிரேம்குமார் இயக்கிய ‘96’ வெளிவந்தபின், பள்ளித் தோழர் சந்திப்பு என்றாலே இப்படத்தின் பெயரைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. கன்னடத்திலும் தெலுங்கிலும் இது மீண்டும் எடுக்கப்பட்டது. தஞ்சாவூரில் ஒரு பள்ளி. பத்தாம் வகுப்பில் ராமச்சந்திரன், ஜானகி தேவி. பல ஆண்டுகள் கழித்து வாட்ஸ்அப் குழு வழியாக வகுப்பு கூடுகிறது. பயண ஒளிப்படக் கலைஞனான ராமும் சிங்கப்பூரிலிருந்து வரும் ஜானுவும் சந்தித்து ஓர் இரவு பேசிப் பிரிகிறார்கள்.

குணங்களை நினைவில் நிறுத்தும் முறையில் இப்படத்துக்கு நுட்பம் உண்டு. ஜானு அழகி என்பதற்காக மட்டும் நினைக்கப்படவில்லை. அவள் வகுப்பின் பாடகி, துணிவாகப் பேசுகிறவள், ராம் கேட்கும் பாட்டை மட்டும் வேண்டுமென்றே பாடாமல் விடுகிறவள். அவன் கேட்டுக்கொண்டேயிருந்த ‘யமுனை ஆற்றிலே’ பாட்டை அவள் பெரியவளான பிறகு, மின்சாரம் போன இருட்டில் பாடுகிறாள். பதினைந்து வயதில் இருந்த கூச்சம் ராமிடம் அப்படியே இருக்கிறது. இவை வேறு யாருக்கும் மாற்றிப் போட முடியாத குணங்கள். ஜானுவின் தோழி சுபாஷிணியின் இளவயது வேடத்தில் தேவதர்ஷினியின் மகளே நடித்ததும் காலத் தொடர்ச்சியை நம்பும்படி செய்தது.

இப்படத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு செய்தி உண்டு. ராமும் பாதியில் நின்ற மாணவன்தான். பத்தாம் வகுப்பு முடிந்ததும் வீட்டின் பண நெருக்கடியால் அவன் குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுப் போகிறது. பதினோராம் வகுப்பு தொடங்கும்போது ஜானு காத்திருக்கிறாள், அவன் வரவில்லை. வகுப்பறையில் ஓர் இடம் காலியாகிறது. கோடை விடுமுறைக்குப் பின் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டு, பதில் வராமல், ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சிவப்பு மையில் கோடு போடும் வேலையைச் செய்தவர்களுக்கு அந்தக் காலி இடம் என்னவென்று தெரியும். கடன், இடமாற்றம், திருமணம், வேலை ஆகிய எந்தக் காரணமும் பதிவேட்டில் இருக்காது. ‘96’ அந்தக் காரணத்தைச் சொல்கிறது. ஒரு மாணவன் வராமல் போனால், அவனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவராவது வகுப்பில் இருக்கிறார் என்றும் காட்டுகிறது. படத்தின் உண்மையான வலிமை இந்த இடத்தில்தான் உள்ளது.

ஆனால் ராமைத் தேடிக் கண்டுபிடித்த வகுப்பு, வேறு யாரைத் தேடியது? ராம் பாதியில் போனாலும் பின்னால் ஒரு தொழிலைக் கற்று நிலைபெற்றவன். கையில் கைபேசி இருக்கிறது. சந்திப்புக்கு வர முடிகிறது. அவனைப் போலவே பத்தாம் வகுப்போடு போய், நிலைபெறாதவர்கள் அந்த வகுப்பில் இருந்திருப்பார்கள். படம் அவர்களைப் பற்றி நின்று யோசிப்பதில்லை. கூடும் நண்பர்களில் சுபாஷிணி, முரளி, சதீஷ் போன்றோருக்குச் சிறிது குணம் கிடைக்கிறது. அவர்களுக்கும் ராமையும் ஜானுவையும் சேர்த்துவைத்துக் கவலைப்படுவதே முதன்மையான வேலை. மற்றவர்கள் ஆடிப்பாடும் கூட்டம். ஒரு வகுப்பின் பெயரையே தலைப்பாகக் கொண்ட படம், அந்த வகுப்பில் இருவரை மட்டுமே முழுமையாக அறிந்திருக்கிறது.

காதல் கதையில் இது இயல்புதானே என்று கேட்கலாம். இயல்புதான். ஆனால் நாவலில் சாமுவேலுக்கு நாராயண் ஒதுக்கியவை ஒரு சில வரிகளே. கதையின் போக்கைக் கெடுக்காமலே ஒருவருக்கு முகம் கொடுக்க முடியும் என்பதற்கு அது சான்று.

இதே இயக்குநர் 2024இல் எடுத்த ‘மெய்யழகன்’ படத்தை இங்கே சேர்த்துப் பார்ப்பது பயன் தரும். அதில் வருபவர்கள் வகுப்புத் தோழர்கள் அல்லர், உறவினர்கள். சொந்த ஊருக்குத் திரும்பும் அருள்மொழியை ஒருவன் அன்பால் திணறடிக்கிறான். அருள்மொழியைப் பற்றிய சின்னச் சின்னச் செய்திகளெல்லாம் அவனுக்குத் தெரியும். அருள்மொழிக்கோ அவன் பெயரே நினைவுக்கு வரவில்லை. அந்த வெட்கம் படம் முழுவதும் அவனைத் தொடர்கிறது. ‘96’ கேட்காமல் விட்ட கேள்வியைப் பிரேம்குமார் இப்படத்தில் கேட்டிருக்கிறார் என்று சொல்லலாம். நம்மை நினைவு வைத்திருப்பவரை நாம் மறந்திருந்தால் அதற்கு என்ன பொருள் என்பதே அது.

ஒப்பீடு

ஐந்து படைப்புகளையும் சேர்த்து நோக்கினால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன.

முதலாவது, நினைவுகூர்பவர் யார் என்பது. ‘அழகி’யிலும் ‘ஆட்டோகிராஃப்’பிலும் நினைப்பவர் படித்து முன்னேறிய ஆண். அதனால் பிறர் அவருடைய வாழ்க்கையின் பகுதிகளாக வருகிறார்கள். ‘பள்ளிக்கூடம்’ மட்டுமே ஊரில் தங்கியவனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கிறது. ‘96’இல் ஜானுவுக்கும் நினைவுகள் உண்டு, அவள் தன் பக்கத்தைச் சொல்கிறாள். அவ்வகையில் அது முந்தைய படங்களைவிட ஒரு படி முன்னேற்றம்.

இரண்டாவது, தேர்ச்சியின் பங்கு. நாராயணின் சிறுவர்களிடம் அது வெளிப்படையான சட்டம். பெரியவர்களிடம் அது சொல்லப்படாத சட்டம். பழைய மாணவர் குழுக்களில் ‘இந்த ஆண்டில் முடித்தவர்கள்’ என்று பெயர் வைக்கும்போதே முடிக்காதவர்கள் வெளியே நின்றுவிடுகிறார்கள். ஐந்தாண்டு சேர்ந்து படித்து, கடைசி ஆண்டில் மட்டும் இல்லாமல் போனவருக்கு அக்குழுவில் இடம் உண்டா என்பதை யாரும் முடிவு செய்வதில்லை. யாரும் அழைக்காததால் அது தானாகவே முடிவாகிவிடுகிறது.

மூன்றாவது, காதலின் ஆதிக்கம். நான்கு திரைப்படங்களிலும் பள்ளி நினைவு என்பது கணிசமான அளவு முதல் காதலின் நினைவு. உண்மையான வகுப்பறையில் காதலைவிடப் பல மடங்கு மற்ற உறவுகள் உண்டு. மதிய உணவைப் பங்கிட்டவர், சைக்கிளில் ஏற்றிச் சென்றவர், பட்டப்பெயர் வைத்து வருத்தியவர், தேர்வறையில் பேனா கொடுத்தவர் எனப் பலர் இருக்கின்றனர். இவர்களுக்கான தமிழ்ப் படம் இன்னும் குறைவாகவே இருக்கிறது. பட்டப்பெயர் வைத்து வருத்தியதை வருத்தியவர் மறந்துவிடுவார். பட்டவர் மறக்க மாட்டார். அவருடைய பார்வையிலிருந்து ஒரு பள்ளிச் சந்திப்பைக் காட்டினால், அது கண்ணீரும் பாட்டுமாக மட்டும் இருக்காது.

முடிவுரை

இப்படைப்புகளில் கலை நயத்திலும் மக்கள் மனதில் இடம் பிடித்ததிலும் ‘96’ முன்னிற்கிறது. குணங்களைப் பிரித்துக் காட்டுவதில் ‘சுவாமியும் சினேகிதர்களும்’ இன்றும் மிஞ்ச முடியாததாக இருக்கிறது. ஆனால் வகுப்பு என்பது யாருடையது என்ற கேள்விக்கு நேர்மையாக விடை சொன்னவை, குறைகளோடு கூடிய ‘அழகி’யும் ‘பள்ளிக்கூட’முமே. படிப்பு நின்றுபோனவளையும் ஊரில் தங்கிவிட்டவனையும் அவை கதையின் நடுவில் அமர்த்தின. தங்கர் பச்சானின் இவ்விரு படங்களையும் சேர்த்துப் பார்ப்பது மாணவர்களுக்குப் பயன் தரும்.

பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும் மாணவர்கள் ஒரு பயிற்சியைச் செய்து பார்க்கலாம். ஒரு தாளில் உங்கள் வகுப்பின் பெயர்களை வருகைப் பதிவேட்டின் வரிசையில் எழுதுங்கள். ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் உங்களோடு இருந்து இப்போது இல்லாதவர்களின் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, மற்றொருவருக்குப் பொருந்தாத ஒரு வாக்கியம் எழுதுங்கள். எந்தப் பெயருக்கு எதிரே எழுத ஒன்றும் கிடைக்கவில்லையோ அவரிடம், பள்ளி முடிவதற்குள் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். இப்போது வகுப்பில் இல்லாதவராக இருந்தால் அவர் வீடு எங்கே என்று விசாரியுங்கள். இருபது ஆண்டுகள் கழித்து நீங்கள் தொடங்கும் குழுவில் அவருடைய எண்ணும் இருக்கும்.